ஆறு அணிகள், 52 ஆட்டங்கள்: என்.எஃப்.எல். லீகின் முதல் தலைவர் ஏன் ஊர் ஊராக அலைந்தார்?

பிப்ரவரி வந்தால் சூப்பர் பௌல் பற்றிய பதிவுகள் நம் டைம்லைனிலும் ஓடும். ஆட்டம் புரியாவிட்டாலும் இடைவேளைப் பாட்டு நிகழ்ச்சிக்காகவாவது எட்டிப் பார்க்கிறோம். அதை நடத்துகிற என்.எஃப்.எல். இன்று உலகத்திலேயே அதிகப் பணம் புழங்கும் விளையாட்டு லீக். அந்த லீகின் முதல் தலைவர் ஒரு பெரிய முதலாளி என்று நினைத்தால் தப்பு. மேட்சுக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டு ஆடிய ஓர் ஆட்டக்காரர் அவர். பெயர் ஜிம் தோர்ப்.

ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கி, அதைப் பறிகொடுத்தவர் என்ற அளவில் இவர் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். அந்தக் கதை ஆறேழு மாதத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் அவர் ஆடிய ஃபுட்பாலைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆடினார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு மனிதர், அதன் பிறகு காசுக்கு ஆடியே பிழைக்க வேண்டி வந்தது. ஆட வந்த இடத்தில் ஒரு தொழிலுக்கே அடித்தளம் போட்டார். ஆனால் அந்தத் தொழிலில் இருந்து அவருக்கு என்ன கிடைத்தது?

முதலில், இது எந்த ஃபுட்பால்?

மெஸ்ஸி ஆடுவது இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரணியை முட்டி மோதி முன்னேறும் அமெரிக்கன் ஃபுட்பால். தோர்ப் ஆடிய இடம் ஹாஃப்பேக். இன்றைய பேச்சில் ரன்னிங் பேக். கபடியில் ரெய்டு போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பதினோரு பேர் அமுக்கக் காத்திருக்கும் இடத்துக்குள் பந்தோடு நுழைய வேண்டும். வாரா வாரம் அடி வாங்கும் வேலை. இன்றைக்கும் முப்பது வயதைத் தாண்டினால் ரன்னிங் பேக்குக்கு மவுசு குறைந்துவிடும். தோர்ப் என்.எஃப்.எல். ஆட ஆரம்பித்தபோதே அவருக்கு வயது 33.

ஹெல்மெட் கட்டாயம் இல்லாத காலம் அது. அதே ஆள்தான் ஓட வேண்டும், உதைக்க வேண்டும், எதிரணி ஆடும்போது தடுக்கவும் வேண்டும்.

காசு வாங்கியது குற்றமா?

தோர்ப் 1887ல் இன்றைய ஓக்லஹாமாவில் பிறந்தார். சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பூர்வகுடி இனம். இரட்டையராகப் பிறந்தவர்கள், கூடப் பிறந்த சார்லி சிறுவயதிலேயே நிமோனியாவில் போய்விட்டான். வளரும் வயதிலேயே அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்து இறந்தார்கள்.

1904ல் பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல் பள்ளிக்கு வந்தார். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்தில் இருந்து பிரித்து, தலைமுடியை வெட்டி, தாய்மொழி பேசக்கூடாது என்று கட்டுப்படுத்தி, வெள்ளையர் வாழ்க்கைக்குப் பழக்குவதற்காக நடத்தப்பட்ட பள்ளி. கோடையில் மாணவர்களை அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்குக் குறைந்த கூலிக்கு வேலைக்கு அனுப்புவதும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. தோர்ப்பும் போனார். பிடிக்கவில்லை.

1909, 1910 கோடைகளில் பண்ணைக்குப் பதிலாக வட கரோலினாவில் ஒரு சின்ன லீகில் பேஸ்பால் ஆடினார். கிடைத்தது சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் போதுமான சில்லறை. அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் பலர் இப்படிக் கோடையில் போய் ஆடுவார்கள். விவரமானவர்கள் பொய்ப் பெயரில் ஆடுவார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு கார்லைலுக்குத் திரும்பி, பாப் வார்னர் என்ற பயிற்சியாளரிடம் ஃபுட்பால் ஆடினார். 1911ல் ஹார்வர்டை 18-15 என்று தோற்கடித்த ஆட்டத்தில் நான்கு ஃபீல்டு கோல் அவர் உதைத்தவை. 1912ல் ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று அடித்தார்கள். எதிரணியில் ஆடிய ஒருவர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆன ஐசனோவர். ராணுவத்தோடு அந்தக் குடும்பங்கள் மோதிய சண்டைகள் வயதானவர்கள் நினைவில் இன்னும் இருந்த காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். இடையில் ஷூ காணாமல் போக, ஜோடி சேராத இரண்டு ஷூக்களைப் போட்டுக்கொண்டு ஓடினார். ஒரு கால் ஷூ பெரிது என்பதால் கூடுதலாகச் சாக்ஸ் மாட்டிக்கொண்டார். அந்தப் புகைப்படம் இன்றும் இணையத்தில் கிடைக்கும்.

1913 ஜனவரியில் ஒரு மாசசூசெட்ஸ் பத்திரிகை அந்தக் கோடைக்கால பேஸ்பால் விஷயத்தை வெளியிட்டது. அமெச்சூர் இல்லை, தொழில்முறை ஆட்டக்காரர் என்று முத்திரை குத்தி, பதக்கங்களைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஒலிம்பிக் விதிப்படி ஆட்சேபணை 30 நாட்களுக்குள் வந்திருக்க வேண்டும். இது சுமார் ஆறு மாதம் கழித்து வந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவரைக் காப்பாற்ற வேண்டிய வார்னரும் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் கவனமாக இருந்தார்.

அமெச்சூர் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். அதே ஸ்டாக்ஹோமில் ராணுவ அதிகாரி ஜார்ஜ் பேட்டன் மாடர்ன் பென்டத்லான் ஆடினார். பின்னாளில் இரண்டாம் உலகப் போர்த் தளபதியாகப் புகழ்பெற்ற அதே பேட்டன்தான். அவர் ராணுவச் சம்பளத்தில் இருந்துகொண்டே பயிற்சி எடுத்தால் அமெச்சூர். அனாதைப் பையன் ஒருவன் கோடையில் சாப்பாட்டுக்கு பேஸ்பால் ஆடினால் தொழில்காரன். வீட்டில் சொத்தோ, அரசுச் சம்பளமோ இருப்பவருக்கு வசதியான விதி இது என்பதுதான் என் கருத்து.

மேட்சுக்கு 250 டாலர்

முத்திரை குத்தியாகிவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது? 1913லேயே நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி அவரை எடுத்துக்கொண்டது. அவருக்காகக் கூட்டம் வரும் என்பது கணக்கு. அந்த அணியின் உலகச் சுற்றுப்பயணத்தில் புது மனைவி ஐவாவோடு போனார். வழியில் கொழும்பிலும் இறங்கினார்கள். பேஸ்பாலில் 1919 வரை இருந்தார், சுமாரான ஆட்டக்காரர். அது கோடை வேலை. இலையுதிர் காலத்துக்குத்தான் ஃபுட்பால்.

1915ல் தொழில்முறை ஃபுட்பாலுக்கு லீக் கிடையாது. ஓஹாயோவின் ஆலை நகரங்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும். கான்டன், மாஸிலன் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். ஜென்மப் பகை. வெளியூர் ஆட்களை இறக்குவதும், பந்தயம் கட்டுவதும் சகஜம். கான்டன் புல்டாக்ஸ் அணியின் மேலாளர் ஜாக் குசாக், தோர்ப்புக்கு ஒரு மேட்சுக்கு 250 டாலர் தருவதாகப் பேசினார். அன்றைக்கு அது பெரிய தொகை. அணி திவாலாகிவிடும் என்று கூட இருந்தவர்களே எச்சரித்தார்களாம்.

ஆகவில்லை. அதுவரை கான்டன் ஆட்டத்துக்குச் சராசரியாக 1,200 பேர் வருவார்கள். தோர்ப் வந்தபின் மாஸிலனோடு ஆடிய இரண்டு ஆட்டங்களுக்கு முதலில் சுமார் 6,000 பேரும், அடுத்து சுமார் 8,000 பேரும் வந்தார்கள்.

முதல் ஆட்டத்தில் மாஸிலன் 16-0 என்று வென்றது. கான்டனில் நடந்த இரண்டாவது ஆட்டம்தான் ரகளை. உட்கார இடமில்லாமல் ஜனங்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் மைதானத்துக்குள்ளேயே நின்றார்கள். அதனால் ஆட்டத்துக்கு முன்பே ஒரு ஒப்பந்தம்: கூட்டத்துக்குள் போகிற ஆட்டக்காரர் வெளியே வரும்போது கையில் பந்து இருக்க வேண்டும். தோர்ப் இரண்டு ஃபீல்டு கோல் உதைத்து கான்டனை 6-0 என்று முன்னிலைக்குக் கொண்டுவந்தார். கடைசி நிமிடங்களில் மாஸிலனின் பிரிக்ஸ் என்பவர் பந்தைப் பிடித்து, கோட்டைத் தாண்டி, கூட்டத்துக்குள் பாய்ந்தார். டச்டவுன்! ஆனால் பந்தோடு வெளியே வந்தவர் கான்டன் ஆட்டக்காரர்.

ஒரு போலீஸ்காரர் பந்தைத் தட்டிவிட்டார், பித்தளைப் பொத்தானைக்கூடப் பார்த்தேன் என்று பிரிக்ஸ் சத்தம் போட்டார். கான்டனில் அப்போது போலீசுக்குச் சீருடையே கிடையாது. இரண்டு ஊர் ஜனங்களும் மைதானத்துக்குள் இறங்க, ஆட்டம் நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. நடுவர்கள் தீர்ப்பை எழுதி உறையில் போட்டு ஒட்டி, நள்ளிரவு தாண்டித்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊரைத் தாண்ட நேரம் வேண்டாமா? தீர்ப்பு கான்டன் பக்கம். பல வருஷம் கழித்து ஒரு டிராம் கண்டக்டர், அந்தப் பந்தைத் தட்டிவிட்டது தான்தான், கான்டன் மேல் 30 டாலர் கட்டியிருந்தேன் என்று ஒப்புக்கொண்டதாக குசாக் பிற்காலத்தில் எழுதினார். கண்டக்டர் சட்டையில்தான் அந்தப் பித்தளைப் பொத்தான்!

குசாக் தரப்புக் கதை என்பதால் கொஞ்சம் மசாலா கூடியிருக்கலாம். ஆனால் தொழில்முறை ஃபுட்பால் அன்று எந்த நிலையில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்ததற்குக் காரணம் ஒரு பெயர்.

1916, 1917, 1919 மூன்று ஆண்டுகளும் கான்டன் தன்னையே சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டது. மறுக்க ஆள் இல்லை. இதற்கு நடுவில் தோர்ப்பின் மூத்த மகன் குழந்தையிலேயே இறந்துபோனான். குடி அதிகமானது.

கார் ஷோரூமில் பிறந்த லீக்

ஆட்டக்காரர்கள் இந்த வாரம் ஓர் அணி, அடுத்த வாரம் வேறு அணி என்று தாவ, சம்பளம் ஏறிக்கொண்டே போனது. முதலாளிகள் கையைக் கடித்தது. இதைக் கட்டுப்படுத்தத்தான் 1920 செப்டம்பர் 17 அன்று அணி உரிமையாளர்கள் கான்டனில் ரால்ஃப் ஹே என்பவரின் கார் ஷோரூமில் கூடினார்கள். நாற்காலி போதாமல் கார்களின் பக்கப்படிகளில் உட்கார்ந்து பேசினார்கள்.

சங்கத்துக்குத் தலைவர் வேண்டும். அந்த அறையில் இருந்த யாருடைய பெயரையும் நாட்டில் யாருக்கும் தெரியாது. தோர்ப்பின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவரே தலைவர். நிர்வாகம் பார்ப்பார் என்று அவரும் நினைக்கவில்லை, மற்றவர்களும் நினைக்கவில்லை. அந்த சீசனிலும் அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வருஷமே ஜோ கார் என்ற நிர்வாகி அந்த நாற்காலிக்கு வந்தார். 1922ல் அந்தச் சங்கம் என்.எஃப்.எல். என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 1924ல். அதற்கு நான்கு வருஷம் முன்பே ஒரு பூர்வகுடி மனிதர் அந்த லீகின் தலைவர். பெருமைதான். ஆனால் போஸ்டரில் போட்ட பெயருக்கும் கல்லாவில் உட்கார்ந்தவருக்கும் உள்ள தூரத்தையும் பார்க்கத்தான் வேண்டும்.

நாய் விற்க ஓர் அணி

1921ல் கிளீவ்லாண்ட். 1922ல் அவர் போய்ச் சேர்ந்த இடம் என்.எஃப்.எல். வரலாற்றிலேயே விசித்திரமானது.

ஓஹாயோவில் லரூ என்று ஆயிரம் பேர்கூட இல்லாத ஒரு கிராமம். அங்கே வால்டர் லிங்கோ என்பவர் ஏர்டேல் வகை நாய்களை வளர்த்து, தபால் மூலம் நாடு முழுக்க விற்றுவந்தார். நாய்ப் பண்ணையின் பெயர் ஊராங். விளம்பரத்துக்கு அவருக்கு ஒரு யோசனை: பூர்வகுடிகள் மட்டுமே ஆடும் ஒரு ஃபுட்பால் அணி. லீகில் இடம்பிடிக்க ஆன செலவு 100 டாலர். லிங்கோவின் ஒரு நல்ல நாயின் விலை அதைவிட அதிகம்.

தோர்ப் அங்கே ஆட்டக்காரர், பயிற்சியாளர் இரண்டும். கார்லைல் காலத்து நண்பர்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். வாரநாட்களில் நாய்களையும் கவனிக்க வேண்டும். இடைவேளையில் ஓய்வு கிடையாது. நாய்களை வைத்து வித்தை, கோடாரி எறிதல், பூர்வகுடி நடனம். ஓர் ஆட்டக்காரர் கரடியோடு மல்யுத்தமே போட்டார். அது முடிந்ததும் அதே ஆட்கள் மறுபடி ஆட வேண்டும். இன்று சூப்பர் பௌல் இடைவேளையில் பாட்டு நிகழ்ச்சி பார்க்கிறோமே, என்.எஃப்.எல். மைதானங்களில் இடைவேளைக் கேளிக்கையைத் தொடங்கிவைத்தவர்கள் இவர்கள் என்று சொல்வது உண்டு.

முதல் வருஷம் 3 வெற்றி, 6 தோல்வி. இரண்டாவது வருஷம் 1 வெற்றி, 10 தோல்வி. நாய் வியாபாரம் நடந்தது, அணி மூடப்பட்டது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் இரண்டு பார்வைகள் உண்டு. வேடம் கட்டி ஆடவைத்த அவமானம் என்பது ஒன்று. சிதறிப்போன பழைய தோழர்கள் இரண்டு வருஷம் ஒன்றாக இருந்து, சம்பளம் வாங்கி, ஆடிப்பாடிய காலம் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாதா என்ன?

பாதி ஆட்டத்துக்கு 200

அடுத்து வந்தது வேகமான இறக்கம். 1924ல் ராக் ஐலண்ட். 1925ல் நியூயார்க்கில் ஜயன்ட்ஸ் என்று புதிதாக ஒரு ஃபுட்பால் அணி தொடங்கினார்கள். பெரிய நகரத்தில் ஜனங்களை இழுக்கப் பெயர் வேண்டும், மறுபடி தோர்ப். வயது 38. முழு ஆட்டம் தாங்க உடம்பு இல்லை என்பதால் பாதி ஆட்டத்துக்கு 200 டாலர் என்று ஒப்பந்தம். அதுவும் முடியவில்லை. மூன்று ஆட்டத்தோடு அனுப்பிவிட்டார்கள். திரும்ப ராக் ஐலண்ட், 1926ல் திரும்பக் கான்டன். குளிர்காலத்தில் சும்மா இருக்கக் கூடாதே என்று பூர்வகுடி ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கூடைப்பந்தும் ஆடினார்.

கடைசி ஆட்டம் 1928ல், தேங்க்ஸ்கிவிங் நாளில், சிகாகோ கார்டினல்ஸ் அணிக்கு. எதிரணி சிகாகோ பேர்ஸ். அதன் முதலாளி ஜார்ஜ் ஹாலஸ், எட்டு வருஷத்துக்கு முன் அந்தக் கார் ஷோரூமில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர். ஹாலஸ் அணி 34-0 என்று வென்றது. தோர்ப்புக்கு வயது 41.

என்.எஃப்.எல். கணக்கில் மொத்தம் ஆறு அணிகள், 52 ஆட்டங்கள். எத்தனை கஜம் ஓடினார்? தெரியாது. லீக் அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் எழுத ஆரம்பித்ததே 1932ல்தான். அவருடைய சிறந்த வருஷங்களோ லீக் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டன.

பென்ஷன் இல்லாத வேலை

சேமிப்பு இல்லை, பென்ஷன் இல்லை, வேறு தொழில் தெரியாது, வெளியே பொருளாதாரப் பெருமந்தம். மாட்ச் ஃபீஸ் நின்றுபோன மனிதர் லாஸ் ஏஞ்சலஸில் கட்டட வேலையில் மண் வெட்டினார். 1932ல் அதே ஊரில் ஒலிம்பிக் நடந்தபோது டிக்கெட் வாங்க அவரிடம் காசில்லை என்ற செய்தி வெளியானது. அப்போதைய துணை ஜனாதிபதி சார்லஸ் கர்ட்டிஸ், அவரும் பூர்வகுடி வழி வந்தவர், தன் பக்கத்தில் உட்காரவைத்தார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

ஹாலிவுட்டில் சின்னச் சின்ன வேடங்கள் கிடைத்தன. பூர்வகுடி வேடங்களுக்குப் பூர்வகுடிகளையே எடுங்கள் என்று ஸ்டுடியோக்களிடம் மல்லுக்கு நின்றார். ஃபோர்டு கார் ஆலையில் காவல் வேலை பார்த்தார். தன் வாழ்க்கைக் கதையின் பட உரிமையை 1931ல் 1,500 டாலருக்கு விற்றிருந்தார். 1951ல் பர்ட் லங்காஸ்டர் நடித்து அது படமாக வந்தது. அதே 1951ல் உதட்டுப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு அவரைக் கட்டணமில்லா நோயாளியாகச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில் அரை நூற்றாண்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர் என்று அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

1953 மார்ச் 28 அன்று கலிஃபோர்னியாவில், அவர் குடியிருந்த டிரெய்லர் வீட்டில், மாரடைப்பில் இறந்தார்.

பதக்கம் வந்தது, உடல் வரவில்லை

உயிரோடு இருந்தவரை பதக்கங்கள் திரும்பவில்லை. 1912ல் அவரிடம் தோற்றவர்களில் ஒருவரான ஏவரி பிரண்டேஜ் 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்தார். கோரிக்கைகளுக்கு அவர் அசையவே இல்லை. 1980களில் தோர்ப்பின் வரலாற்றை எழுதிய ராபர்ட் வீலரும் அவர் மனைவி ஃபுளோரன்ஸ் ரிட்லனும் அந்த 30 நாள் விதியைப் பழைய ஆவணங்களில் இருந்து தோண்டி எடுத்தார்கள். 1983 ஜனவரியில் பதக்கங்களின் மாதிரிகள் பிள்ளைகளிடம் தரப்பட்டன. அப்போதும் அவர் இணைச் சாம்பியன் மட்டும்தான். தனி வெற்றியாளர் என்று கமிட்டி அறிவித்தது 2022 ஜூலையில்.

ஃபுட்பால் இவ்வளவு தாமதிக்கவில்லை. 1963ல் கான்டனில் ஹால் ஆஃப் ஃபேம் திறந்தபோது முதல் வரிசையிலேயே அவர் பெயர் இருந்தது.

உடல் விஷயம் வேறு. ஓக்லஹாமாவில் இனத்தின் முறைப்படி இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே மூன்றாவது மனைவி பட்ரீஷியா உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுற்றுலா வருமானத்துக்குத் தவித்துக்கொண்டிருந்த இரண்டு பென்சில்வேனியா ஊர்கள், மாக் சங்க், கிழக்கு மாக் சங்க், அவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. 1954ல் இரண்டும் ஒன்றாகி ஜிம் தோர்ப் என்று பெயர் வைத்துக்கொண்டன. பதிலுக்கு உடல் அங்கே புதைக்கப்பட்டது. இறந்த பிறகும் கூட்டம் சேர்க்க ஓர் ஊருக்கு அவர் பெயர் தேவைப்பட்டது.

அப்பாவைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2010ல் மகன் ஒருவர் வழக்குப் போட்டார். அவர் இறந்த பிறகு சகோதரர்களும் சாக் அண்ட் ஃபாக்ஸ் இனமும் வழக்கைத் தொடர்ந்தார்கள். 2013ல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2014ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2015ல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்துவிட்டது. தோர்ப் இன்றும் அந்த ஊரில்தான் இருக்கிறார். கல்லறையைச் சுற்றி ஸ்டாக்ஹோம் மைதானத்து மண்ணும், ஓக்லஹாமா மண்ணும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.